அசோகர் மரம் நட்டார், சரி, யார் சொன்னது?

"அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார்." தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரி வந்துவிடும். நானும் அப்படி ஒப்பித்து மார்க் வாங்கியவன்தான். அப்புறம் காமர்ஸ் குரூப், வேலை, கல்யாணம் என்று போய், இருபது வருஷம் சரித்திரத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

திரும்ப இழுத்தது ஒரு ரயில் பயணம். படிக்க எதுவும் இல்லாமல் பிளாட்பாரக் கடையில் மௌரியர்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை வாங்கினேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் அந்த மரங்கள் வந்துவிட்டன, ஆனால் வேறு மாதிரி. அந்தச் செய்தியை விரிவாகச் சொல்வது ஒரு தூணில் உள்ள ஏழாவது சாசனமாம். மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர ஆலமரம் வைத்தேன், மாந்தோப்பு போட்டேன், கிணறு வெட்டினேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே இதெல்லாம் பெரிய விஷயமில்லை, முன்னாலிருந்த அரசர்களும் செய்ததுதான், ஜனங்கள் தம்மத்தின்படி, அதாவது அறவழியில், நடக்கட்டும் என்றுதான் நான் செய்தேன் என்கிறார் அசோகர். அவரே சின்ன விஷயம் என்று ஒதுக்கியதைத்தான் நாம் அத்தனை வருஷம் மனப்பாடம் செய்திருக்கிறோம். பெட்டியில் தனியாகச் சிரித்தேன், எதிர் சீட் அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தத் தூணின் கதை இன்னும் சுவாரசியம். 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் அதை தோப்ரா என்ற ஊரிலிருந்து பஞ்சும் நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகில் மிதக்கவிட்டு தில்லிக்குக் கொண்டுவந்து தன் கோட்டையில் நட்டார். எழுத்தைப் படிக்கச் சொல்லிப் பண்டிதர்களைக் கூப்பிட்டார், ஒருவராலும் முடியவில்லை. (1999இல் கும்ப்ளே பத்து விக்கெட் எடுத்தாரே, அந்த கோட்லா மைதானத்துக்குப் பெயர் கொடுத்த அதே கோட்டை. மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அசோகர் தூண் நிற்பது, டிவி முன்னால் கத்திக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத் தெரியாது.)

படித்தது 1837இல், ஜேம்ஸ் பிரின்செப். கல்கத்தா நாணயச் சாலையில் உத்தியோகம். சாஞ்சி ஸ்தூபியின் கல் வேலியில் இருந்த குட்டிக் குட்டி வாசகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். கோயில் மாதிரி இடத்தில் ஆளாளுக்கு என்ன எழுதிவைப்பார்கள்? நம் ஊர் கோயிலில் டியூப் லைட்டில் எழுதியிருக்குமே, 'உபயம்' என்று, அதேதான். 'தானம்' என்று ஊகித்தார், பூட்டு திறந்தது. திறந்தும், சாசனங்களில் பேசும் அரசரின் பெயராக வரும் 'தேவனாம்பிய பியதசி' யார் என்று தெரியவில்லை. முதலில் ஒரு இலங்கை அரசன் என்று நினைத்தார். இலங்கையில் வேலை பார்த்த ஜார்ஜ் டர்னர்தான் தீபவம்சம் என்ற இலங்கையின் பழைய வரலாற்று நூலைப் பார்த்து, அது அசோகர் என்றார். அசோகர் என்ற பெயரே உள்ள சாசனம் கர்நாடகத்து மஸ்கியில் கிடைத்தது 1915இல், அதுவும் தங்கச் சுரங்க வேலையில் இருந்த ஒரு பொறியாளர் கண்ணில் பட்டு. பிரின்செப் நாற்பது வயதில், 1840இலேயே இறந்துவிட்டார்.

எனக்குப் பிடித்துப்போனது இந்தப் பகுதிதான். அரசர் என்ன செய்தார் என்பதைவிட, அவர் செய்தது நமக்கு எப்படித் தெரியும் என்கிற பகுதி. அதற்கப்புறம் எந்தச் சரித்திரப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கங்களைத்தான் புரட்டுகிறேன். அடிக்குறிப்பு இருக்கிறதா, 'இருக்கலாம்', 'தெரியவில்லை' என்ற சொற்களுக்கு ஆசிரியர் வெட்கப்படாமல் இருக்கிறாரா என்று பார்ப்பேன். கலிங்கப் போர்க்களத்தில் நிலா வெளிச்சத்தில் பிணங்களுக்கு நடுவே அசோகர் கண்ணீரோடு நடப்பதாக ஒரு புத்தகத்தில் மூன்று பக்கம் வந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் நிலாவை யார் பார்த்தது? நம்மிடம் இருப்பது பதின்மூன்றாவது பாறைச் சாசனம்: ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், நான் வருந்துகிறேன். அதிலேயே காட்டுவாசிகளுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு, வருந்தினாலும் என்னிடம் பலம் இருக்கிறது என்று. இன்னொன்று, அந்த வருத்தம் கலிங்கத்தில் பொறிக்கப்படவே இல்லை. கலிங்கத்து ஊர்களான தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்தச் சாசனத்தை விட்டுவிட்டு, வேறு இரண்டு சாசனங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அடிபட்டவனிடம் மட்டும் மன்னிப்பு கேட்காத மன்னிப்பு. இதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை, நிலா வெளிச்ச அத்தியாயம் அந்த வேலையைச் செய்யவில்லை.

ஒரு புலம்பலையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய சில தமிழ் மொழிபெயர்ப்புகளில் ஆங்கிலத்தில் இருந்த அடிக்குறிப்பு, பெயர்ச் சொல்லடைவு (இன்டெக்ஸ்) இரண்டையும் உருவிவிட்டிருந்தார்கள். பக்கம் மிச்சம் பிடிக்க என்று நினைக்கிறேன். பொதுவாசகனுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரோ முடிவு செய்கிறார்கள். ஐயா, பொதுவாசகனுக்குத்தான் வேணும், நிபுணருக்கு எங்கே தேடுவது என்று ஏற்கெனவே தெரியும். இப்போது நானே கடைசி வெள்ளைத்தாளில் பென்சிலால் சொல்லடைவு போட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பென்சில் குறிப்பில் அதிகப் பக்க எண்கள் சேர்ந்திருப்பது 'சதியபுதோ' என்ற பெயருக்கு. இரண்டாவது பாறைச் சாசனத்தில் தன் எல்லைக்கு வெளியே இருப்பவர்களைச் சோழர், பாண்டியர், சதியபுதோ, கேரளபுதோ என்று வரிசையாகச் சொல்கிறார் அசோகர். மற்ற மூவரைத் தெரியும், இந்த நாலாவது ஆள் யார்? துளு நாடா, வேறு யாராவதா என்று பல காலம் அடித்துக்கொண்டார்கள். அதியமான் மரபாக இருக்கலாம் என்று முன்பே சிலர் சொல்லியும் கல்லில் சான்று இல்லை. 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு குகையில் ஒற்றை வரி கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி.' அதாவது, சதியபுதோ அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த தங்குமிடம்.

ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான் நெடுமான் அஞ்சி! வேறு வேறு பாடவேளையில் ஒப்பித்த இரண்டு பேர் ஒரே பாறையில் வந்து நிற்கிறார்கள். உடனே நண்பனுக்கு போன் போட்டேன். "அப்போ அசோகரும் அதியமானும் ஃப்ரெண்ட்ஸா?" என்றான். இல்லைப்பா, சதியபுதோ என்பது அந்தக் குடிக்கான பட்டம், அசோகர் சொன்னது இந்த அஞ்சியின் முன்னோராக இருக்கலாம், என்றேன். "இருக்கலாமா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டான். ஆமாம், இருக்கலாம்.