சொல்லிக்கொண்டு கிளம்பிய நாள்

ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை. நுங்கம்பாக்கத்தில் நான் இரண்டு மாதம் பயிற்சியில் இருந்த விளம்பர ஏஜென்சியில் அன்று யாருக்கும் தலைநிமிர நேரமில்லை. ஆடித் தள்ளுபடி சீசன். தி.நகர் ஜவுளிக்கடை விளம்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரிலீஸுக்குப் போய்க்கொண்டிருந்தன. இந்த நெருக்கடியில் யாரிடம் போய் 'கிளம்புகிறேன்' என்று சொல்வது எனத் தயங்கிக்கொண்டே உள்ளே போனேன்.

முதலில், விளம்பரத்துக்குப் படம் அமைக்கும் ஆர்ட் அண்ணனிடம் போனேன். எழுதுகிறவரும் படம் அமைக்கிறவரும் ஜோடியாக உட்கார்ந்து யோசிக்கும் முறையை, 1949-இல் நியூயார்க்கில் தொடங்கிய டிடிபி (DDB) என்ற விளம்பர ஏஜென்சியில் அதன் நிறுவனர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக் வேரூன்ற வைத்தார் என்று கல்லூரியில் படித்திருந்தேன். அதற்கு முன்பெல்லாம் ஒருவர் வாசகத்தை எழுதி அனுப்பிவிடுவார், இன்னொருவர் அதற்கேற்ற படத்தைப் போடுவார். படித்தபோது அது எனக்குப் பரீட்சைக்கான பதில், அவ்வளவுதான். அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. "தம்பி, இந்த வரியில நாலு எழுத்து குறைச்சுக் குடு, முந்தானை முழுசாத் தெரியும்" என்பார். குறைத்தால் வரியும் நன்றாகிவிடும். எப்படி என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

விளம்பர வாசகம் (காப்பி) எழுதும் காப்பி அக்காவிடம் கற்றது காதால் கற்றது. ரேடியோ விளம்பரம் 30 வினாடி என்றால் 30 வினாடிதான். ஆங்கிலத்தில் கச்சிதமாக அடங்கிய ஸ்கிரிப்ட்டைத் தமிழாக்கினால் பெரும்பாலும் நீண்டுவிடும். அக்கா போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, "வாசி" என்பார். வேகமாக வாசித்து ஒப்பேற்ற முடியாது, "கடைக்காரர் மூச்சுவிட வேண்டாமா?" என்று கேட்பார். ஒருமுறை இந்தி டிவி விளம்பரம் ஒன்றைத் தமிழில் டப்பிங் செய்யக் கூட்டிப்போனார். திரையில் அந்தப் பெண்ணின் உதடு ஒட்டும் இடத்தில் தமிழிலும் ஒரு 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும். பொருள் சரியாக இருந்தும் உதடு ஒட்டாததால் என் வரி நின்றுபோனது. 'அருமை' என்ற ஒரே சொல்லுக்காக இருபது நிமிடம் தேடினோம். 'மை'யில் அவள் வாய் மூடியபோது அக்கா என் தோளைத் தட்டினார்.

அப்புறம் புரூஃப் ஐயா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மாலையில் மட்டும் வருவார். 'ஆடி தள்ளுபடி' என்று நான் எழுதிய முதல் தலைப்பில் சிவப்புப் பேனாவால் ஒரு 'த்' போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். இன்னொரு நாள் இரவு ஒன்பது மணிக்கு, செய்தித்தாளுக்கு அனுப்ப இருந்த கால்பக்க விளம்பரத்தில் கடையின் போன் நம்பரில் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்ததை அவர்தான் பிடித்தார். தட்டியது நான். சதுர சென்டிமீட்டர் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய இடம். மறுநாள் காலை ஊரெல்லாம் யாரோ ஒருவருக்குப் போன் செய்திருக்கும். கை நடுங்கியது. ஐயா திட்டவில்லை. "நம்பரை மட்டும் கண்ணால பார்க்காதே தம்பி. வாய்விட்டுப் படி, ரெண்டு தடவை" என்றார்.

ஆறு மணிக்கு டீயும் பஜ்ஜியும் வந்தன. அண்ணன் ஒரு ஏ4 தாளை நீட்டினார். ஆடி விளம்பரத்தின் அதே லேஅவுட். சேலை இருக்க வேண்டிய இடத்தில், நான் தலையைச் சொறிந்தபடி ஸ்க்ரீனைப் பார்க்கும் போட்டோ. மேலே கொட்டை எழுத்தில் 'நம்ம தம்பிக்கு பிரியாவிடை'. சுற்றிலும் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'தம்பிக்கு' என்பதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு 'ப்'. அதற்குக் கீழே ஐயாவின் சின்னக் கையெழுத்து. அந்த 'ப்'பைப் பார்த்ததும்தான் கண் கலங்கிவிட்டது. கால் தொட்டுக் கும்பிடப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டேன். வாசல் வரை போயிருப்பேன். அக்கா ஒரு பிரிண்ட்அவுட்டோடு ஓடி வந்தார். "எட்டு மணிக்கு ரிலீஸ். ஒரு தடவை பார்த்துக் குடுத்துட்டுப் போயேன் தம்பி."

பையைக் கழற்றாமல், கதவருகில் நின்றபடியே சத்தமாக வாசித்தேன். போன் நம்பரை மட்டும் இரண்டு தடவை.