இரவல் கோபுரம்

சீனாவின் சூசோ நகரில் உள்ள ஒரு பழைய தோட்டத்துக்கு முதல் தடவை போனபோது, அங்கிருந்து தெரிய வேண்டிய பகோடா, அதாவது அடுக்குப் பௌத்தக் கோபுரம், தெரியவில்லை. மார்ச் மாதத் தூறல். குளத்துக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. ஷாங்காயிலிருந்து அரை மணி நேர ரயில்தானே என்று அக்டோபரில் மறுபடி கிளம்பினேன்.

அந்த ஜுவோஜெங் தோட்டம், பதவியை விட்டு ஊர் திரும்பிய வாங் ஷியன்சென் என்ற அதிகாரி 1509 வாக்கில் தொடங்கியது. அதன் நடுப்பகுதியின் கிழக்கு ஓரத்தில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். நீண்டு கிடக்கும் குளம், வாடத் தொடங்கிய தாமரை இலைகள், இரு கரையிலும் மரங்கள். அந்த மரங்களுக்கு மேலே ஒன்பது நிலைக் கோபுரம் ஒன்று, தோட்டத்தின் கோடியில் நிற்பது போலவே நிற்கிறது. நிஜத்தில் அது ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பெய்சி கோயிலின் பகோடா. உயரம் 76 மீட்டர். தோட்டம் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே நின்றது.

நான் அதிக நேரம் தேடியது பகோடாவை அல்ல, மதிற்சுவரை. தெரியவே இல்லை. சுவர் கண்ணில் பட்டால் பகோடா ஊரார் சொத்தாகிவிடும். அதனால் மரத்தையும் மண்டபத்தையும் வைத்துச் சுவரை விழுங்க வைத்திருக்கிறார்கள். குளத்தின் நீளமும் அந்தத் திசையிலேயே ஓடி, கண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. இரண்டடி தள்ளி நின்றேன், ஒரு கிளை கோபுரத்தை மறைத்துவிட்டது. சரி என்று திரும்பி வந்தால் என் இடத்தில் செல்ஃபி வரிசை.

சீனத்தில் இதற்கு ஜியேஜிங் என்று பெயர். 'கடன் வாங்கிய காட்சி' என்று சொல்லலாம்தான், ஆனால் கடன் என்றால் வட்டி நினைவு வருகிறது. எனக்கு 'இரவல்'தான் பிடித்திருக்கிறது. கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்ட அட்டிகை மாதிரி. இந்தப் பக்கத்து மனிதரான ஜி செங் 1631-இல் எழுதி முடித்த 'யுவான்யே' என்ற தோட்டக்கலை நூலின் கடைசி அத்தியாயமே இதைப் பற்றியதுதான். தூரத்து மலை, பக்கத்து வீடு, மேலே வானம், கீழே தண்ணீர், அந்தந்தப் பருவம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை மனிதர். அப்படிப் பார்த்தால் என் மார்ச் மாத வெள்ளையும் கணக்கில் சேர்ந்ததுதானோ என்னவோ. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இரவல் கொடுப்பவர் மனது வைக்க வேண்டும் என்பதும் உண்டு. பழைய நகருக்குள் உயரமான கட்டடங்களுக்குத் தடை இருப்பதால்தான் இந்தக் காட்சி பிழைத்திருக்கிறது.

அப்புறம் மேற்குப் பகுதிக்குப் போனேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது தனிச் சொத்து, நடுவே சுவர். இதை வாங்கிய ஜாங் லூசியன் என்ற வணிகர், சுவரோரம் செயற்கைக் குன்று எழுப்பி, உச்சியில் ஒரு சின்ன மண்டபம் கட்டிக்கொண்டார். ஏறி நின்றால் பக்கத்துத் தோட்டம் முழுக்கத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் ஒரே வசந்தம் என்கிற பொருளில் வரும் பாய் ஜுயியின் கவிதை வரியிலிருந்து அதற்கு யிலியாங், அதாவது 'இருவருக்கும் ஏற்றது', என்று பெயர். நம்மூரில் இப்படிக் கட்டினால் பஞ்சாயத்துதான்.

நானும் ஏறினேன். காலையில் நான் நின்ற பக்கத்தில் மஞ்சள் தொப்பிக் கூட்டம் ஒன்று பகோடாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது, போன்களையெல்லாம் என் பக்கம் நீட்டியபடி.