சுழி விழாமல் ஒரு பெயர்ப்பலகை

காட்பாடியில் அக்கா கட்டிய வீட்டின் கேட்டுக்கு 'அன்னை இல்லம்' என்று 2 மி.மீ. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் எழுத்து வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் எனக்கு அன்றாட வேலை. ஆனால் லேசர் கட்டிங்குக்கு ஃபைல் கொடுப்பது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரத்தில் வரைந்து, ராணிப்பேட்டையில் ஒரு பட்டறைக்கு அந்த வரைபடத்தின் டிஎக்ஸ்எஃப் ஃபைலை அனுப்பிவிட்டேன்.

உடனே போன். "சார், எழுத்து வரலை, வெறும் கட்டம் கட்டமா இருக்கு. 600னு போட்டிருக்கீங்களே, இன்ச்சா, மில்லியா?"

என்னிடம் இருக்கும் எழுத்துரு அவரிடம் இல்லை. அலகையும் நான் எங்கும் எழுதவில்லை. எழுத்துகளை எக்ஸ்ப்ளோட் செய்து வெறும் கோடுகளாக்கி, மறுநாள் நேரிலேயே போனேன்.

ஆபரேட்டர் திரையில் 'ன'வைப் பெரிதாக்கிக் காட்டினார். "சுழிக்குள்ள இருக்கிற துண்டு கீழ விழுந்துடும் சார்." எனக்குச் சுருக்கென்றது. எழுத்தைத் தகட்டிலிருந்து வெட்டி எடுத்தால் சுழியின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அ, ன, ல என்று நம் எழுத்தில் எங்கே பார்த்தாலும் சுழிதான். ஒவ்வொன்றிலும் 2 மி.மீ. அகலத்துக்குக் கோட்டை வெட்டாமல் விட்டு, உள்துண்டைத் தகட்டோடு சேர்த்தோம். எங்கே விடுவது என்பதில்தான் நேரம் போனது. கையால் எழுதும்போது சுழி தொடங்கும் இடத்தில் விடச் சொன்னார். அப்படி விட்டதும் இடைவெளி கண்ணை உறுத்தவே இல்லை.

அடுத்தது இரட்டைக் கோடு. திரையில் ஒரே கோடாகத்தான் தெரியும். பிடித்து நகர்த்தினால் அடியில் இன்னொன்று இருக்கும். லேசர் அதே பாதையில் இரண்டு முறை ஓடி விளிம்பைக் கருக்கிவிடும். இரட்டைக் கோடுகளை நீக்கும் 'ஓவர்கில்' கட்டளையைக் கொடுத்ததில் 37 கோடுகள் போயின. சில முனைகள் மயிரிழை இடைவெளியில் சேராமல் நின்றன. பாதை மூடாவிட்டால் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று மென்பொருளுக்குப் புரியாது, கதிரின் தடிமனுக்கு விட வேண்டிய அளவையும் சரியாக விடாது. அதனால் எல்லாவற்றையும் 'பெடிட்' கட்டளையால் இணைத்தேன். அளவுக் கோடுகள், பார்டர் எல்லாம் நீக்கியாயிற்று. '600 மி.மீ. நீளம், 1:1' என்று வாட்ஸ்அப்பில் தனியாக எழுதியும் அனுப்பினேன்.

நைட்ரஜன் வாயுவை ஊதி வெட்டியதால் விளிம்பு வெள்ளியாகப் பளபளத்தது. ஆபரேட்டர் தகட்டை எடுத்து இரண்டு தட்டு தட்டினார். ஒரு சுழிகூட விழவில்லை.