1891 சிசி தங்கக்காசு: ஒருவழியாக 17.2 வந்துவிட்டது

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குத் தராசு 0.485 கிராமில் அசையாமல் நின்றது. மூன்று இரவாக நான் காத்திருந்த எண். புதிதாக வாங்கிய ஐந்து டாலர் தங்கக்காசின் அடர்த்தி சரியாக வந்துவிட்டது! அமெரிக்காவின் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்தது, அந்த ஊரின் 'சிசி' எழுத்து பொறித்தது.

1891-ஐ ஏன் எடுத்தேன் என்று சிசி சேர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாணயச்சாலை 1870-இல் ஐந்து டாலர் காசு அடித்தது வெறும் 7,675. 1891-இல் 2,08,000. நமக்குக் கட்டுப்படியாகிற வருடம் அதுதான். ஆனால் எனக்குக் கிடைத்தது ஸ்லாப்பில், அதாவது தரச்சான்று கொடுப்பவர்கள் மூடித்தரும் பிளாஸ்டிக் உறையில், அடைக்காத காசு. தங்கம் சரியான தரம்தானா என்று உரைகல்லில் உரசிப் பார்க்க முடியாது, ஒரு கோடு விழுந்தாலும் சேகரிப்பாளர் மதிப்பு போய்விடும். அதனால் தண்ணீர்தான் வழி.

கணக்கு எளிது. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் மூழ்க விட வேண்டும். தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. ஆயிரத்துக்கு 900 பங்கு தங்கமும் மீதி பெரும்பாலும் செம்பும் என்றால் கன சென்டிமீட்டருக்கு 17.2 கிராமை ஒட்டி வர வேண்டும். புதுக்காசு 8.359 கிராம். என்னுடையது கொஞ்சம் தேய்ந்து 8.341. அதில் குறையில்லை.

முதல் இரவு 0.512 காட்டியது. அதாவது 16.3. வயிற்றைக் கலக்கிவிட்டது. தூக்கம் வராமல் எழுந்து, ஏற்கெனவே சான்று பெற்று ஸ்லாப்பிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்த 1901 எஸ் (சான் பிரான்சிஸ்கோ) காசையும் அதே நூலில் கட்டிப் பார்த்தேன். அதுவும் 16.4! சந்தேகமே இல்லாத காசும் குறைவாகக் காட்டினால் பிழை காசில் இல்லை, என் முறையில் இருக்கிறது. கட்டியிருந்தது பருத்தி நூல். மூழ்கிய நூலும் அதன் இழைகளுக்குள் சிக்கிய காற்றும் தங்கள் பங்குக்குத் தண்ணீரை விலக்குகின்றன.

இரண்டாம் இரவு மெல்லிய மீன்பிடி நைலான் இழைக்கு மாறினேன். 0.498. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, விளிம்பின் வரிகளுக்குள் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மூன்றாம் இரவு, கொதிக்க வைத்து ஆறவிட்ட வடிநீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. குமிழி ஒன்றுகூட நிற்கவில்லை. ஐந்து முறை எடுத்தேன், எல்லாமே 0.484-க்கும் 0.486-க்கும் நடுவில். (பிறகு காசை வடிநீரில் அலசி, ஒற்றி மட்டும் எடுங்கள். துடைக்கவே கூடாது.)

தராசு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு தசமத் தராசு இந்த அளவுக் காசுக்குப் பயனில்லை. 0.48 என்றால் 17.4, 0.49 என்றால் 17.0, நடுவில் எதுவும் தெரியாது. மூன்று தசமம் வேண்டும். ஆனால் விலை குறைந்த மூன்று தசமத் தராசுகள் பெரும்பாலும் 50 கிராமுக்கு மேல் தாங்காது, கண்ணாடி டம்ளர் வைத்தாலே எல்லை தாண்டிவிடும். மருந்து ஊற்றிக் குடிக்கும் சின்ன பிளாஸ்டிக் கிண்ணம் சரியாக இருந்தது. ஹீட்டர் காற்று அடித்தாலும் கடைசி இலக்கம் ஆடும்.

போன இலையுதிர் காலத்தில் கார்சன் சிட்டிக்கே போய் வந்தேன். நாணயச்சாலைக் கட்டடம் இப்போது நெவாடா மாநில அருங்காட்சியகம். 1870-இல் அங்கே காசடித்த ஒன்றாம் எண் அச்சு இயந்திரம் இன்னும் ஓடுகிறது, நினைவுப் பதக்கம் அடிக்கிறார்கள். அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றிருப்பேன். ஐந்து டாலரில் மொத்தம் 19 வருடங்களின் காசு இருக்கிறது. முதலில் தொண்ணூறுகளின் நான்கையும் முடிக்க வேண்டும்: அடுத்து 1892 (82,968), பிறகு 1893 (60,000), 1890 (53,800). 3,789 மட்டுமே அடித்த 1870 இருபது டாலரை அருங்காட்சியகக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலே எனக்குப் போதும்.

சரி, கையில் இருக்கும் காசுக்கு வருகிறேன். அடர்த்தி உலோகத்தைத்தான் சொல்லும். அதே தரத் தங்கத்தில் வார்த்த போலியையும், ஊர் எழுத்து இல்லாத பிலடெல்பியா காசில் 'சிசி' ஒட்டிய வேலையையும் அது காட்டிக்கொடுக்காது. 1891-இல் பிலடெல்பியாவே 61 ஆயிரத்துச் சொச்சம்தான் அடித்தது என்பதால் இந்த வருடத்தில் ஒட்டு வேலைக்கு வாய்ப்பு குறைவு என்று நினைக்கிறேன். இருந்தாலும் கழுகின் காலுக்குக் கீழே, முதல் 'சி'யின் அடியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிகிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பாதி மறைகிறது. அழுக்கு என்றால் அசிட்டோனில் போய்விடும், ஒட்டிய விளிம்பு என்றால் அப்படியே இருக்கும். நண்பரின் மைக்ராஸ்கோப் சனிக்கிழமை கைக்கு வருகிறது. ஊறப்போடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துவிட்டுத்தான் தரச்சான்றுக்கு அனுப்பப் போகிறேன்.