எஃப்.என்.யு-வும் ஜூலியட்டும்

போன வருஷம் ஆகஸ்ட் கடைசில திருச்சிலருந்து நியூஜெர்சி எடிசனுக்கு வந்து இறங்கினோம். வீட்டுக்காரருக்கு ஹெச்1 வேலை விசா, எனக்கும் பொண்ணுக்கும் அவரச் சார்ந்து வர்ற ஹெச்4 விசா, அதாவது நான் இப்போதைக்கு வேலைக்குப் போக முடியாது, சமையல் முடிஞ்சா பொண்ணோட ஹோம்வொர்க்தான் எனக்கு ஆபீஸ். அவ ஊர்ல ஒன்பதாவதுல ரெண்டு மாசம் உக்காந்துட்டு வந்தவ, இங்க செப்டம்பர் முதல் திங்கக்கிழமை வர்ற லேபர் டே லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்தப்ப மறுபடி முதல்லேருந்து ஒன்பதாவது. ஈஸியா போயிரும்னு நெனச்சோம். கணக்கும் சயின்ஸும் அப்படித்தான் போச்சு, இங்கிலீஷ்தான் ஆட்டி வெச்சிருச்சு.

முதல் நாளே கூத்து. பாஸ்போர்ட்ல அவளுக்கு ஒரே பேர்தான், சர்நேம் கட்டம் காலி, நமக்கெல்லாம் அப்பா பேரு இனிஷியலோட முடிஞ்சிரும்ல. அப்படி இருந்தா அமெரிக்க விசாவுல இருக்குற ஒரு பேரையும் தூக்கி சர்நேம்ல போட்டுட்டு முன்பேரு எடத்துல எஃப்.என்.யு-ன்னு அடிச்சிருவாங்க, ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்னு அர்த்தம். அதே ஸ்கூல் லிஸ்ட்லயும் ஏறிருச்சு. இங்கிலீஷ் மிஸ் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது "ஃபெனூ?"ன்னு ரெண்டு தடவ கூப்பிட்டிருக்காங்க, இவளும் யாருடா அதுன்னு மத்தவங்களோட சேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கா. (அவ பேர இங்க எழுதக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கா, அதனால எழுதல.)

வாரம் எப்படிப் போகும்னா, திங்கக்கிழமை பத்து புது வார்த்தை, வெள்ளிக்கிழமை அதுல குவிஸ். நடுவுல கதை படிக்கிறது, எழுதுறது. கிளாஸுக்குள்ள நுழையும்போதே போர்டுல ஒரு கேள்வி இருக்கும், அஞ்சு நிமிஷம் அதுக்கு எழுதணும், அதுக்குப் பேரே 'டூ நவ்'. பெரிய அசைன்மென்ட் எல்லாம் ஞாயித்துக்கிழமை ராத்திரி 11:59-க்குள்ள கூகுள் கிளாஸ்ரூம்ல ஏத்தணும். ஒரு தடவ ஃபைல அட்டாச் பண்ணிட்டு 'டர்ன் இன்' பட்டன அமுக்காம தூங்கிட்டா, காலைல பார்த்தா செவப்புல 'மிஸ்ஸிங்'. அன்னைக்கு பஸ் ஏறுற வரைக்கும் அழுகை.

முதல் கதை ஒரு தீவுல மனுஷனே மனுஷன வேட்டையாடுற கதை, ரிச்சர்ட் கானல்னு ஒருத்தர் 1924-ல எழுதினது. நல்ல கதைதான், நானும் கூட உக்காந்து படிச்சேன். படிச்சிட்டு ஒரு பாரா எழுதச் சொன்னாங்க. நமக்குப் பழக்கமான வழி என்ன, இன்டர்நெட்ல சுருக்கம் எங்க இருக்குன்னு தேடி நல்ல வரியா எடுத்து மனப்பாடம் பண்ணி எழுதுறதுதானே, நானே பக்கத்துல உக்காந்து ஒப்பிக்க வெச்சேன். எழுதின பாராவுல 38 சதவீதம் வேற எங்கயோ இருக்குன்னு சாஃப்ட்வேர் காட்டிக் குடுத்திருச்சு. மிஸ் திட்டல, பூஜ்யமும் போடல, "இது நல்லா இருக்கு, ஆனா நீ எங்க இருக்க இதுல?"ன்னு ஓரத்துல எழுதி திருப்பிக் குடுத்துட்டாங்க. எனக்குத்தான் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. நான் பி.காம் வரைக்கும் புக் பேக் கொஸ்டினும் கைடும் வெச்சு பாஸானவ, நீ என்ன நெனைக்கிறன்னு இங்கிலீஷ்ல ஒருத்தர் கேட்டதே இல்ல, தமிழ்லயும் கேட்டதில்ல.

அப்புறம் எம்.எல்.ஏ ஃபார்மட்னு ஒண்ணு. நம்ம ஊரு எம்.எல்.ஏ இல்ல, கட்டுரை எப்படி டைப் பண்ணணும்ங்கிற விதி. சுத்தி ஒரு இன்ச் மார்ஜின், ரெண்டு வரி இடைவெளி, ஒவ்வொரு பக்கத்துலயும் வலது மேல் மூலைல கடைசி பேரும் பக்க எண்ணும். மத்த புள்ளைங்களுக்கெல்லாம் அங்க குடும்பப் பேரு வரும், இவளுக்கு மட்டும் சொந்தப் பேரு. முதல்ல அது அவளுக்கு அசிங்கமா இருந்துச்சு, அப்பா பேர சட்டப்படி சேர்த்துரலாம்னு ரெண்டு மாசம் சண்டை.

ஜனவரில ரோமியோ ஜூலியட் ஆரம்பிச்சாங்க. ஜூலியட்டுக்கு அதுல 14 வயசு கூட முடியல, ரெண்டு வாரம் பாக்கி, என் பொண்ணுக்கு 14 முடிஞ்சிருச்சு, நாலு நாள்ல காதல் கல்யாணம் சாவு எல்லாம் முடிஞ்சிரும், இத ஸ்கூல்லயே உக்கார வெச்சு நடத்துறாங்க. எங்க அம்மா வீடியோ கால்ல "என்னடி படிக்கிற"ன்னு கேட்டாங்க. இவ கதைய சொன்னா, ரெண்டு பெரிய குடும்பம், பகை, பையனும் பொண்ணும் விரும்பிட்டாங்கன்னு. "நம்ம பக்கம்னா வெட்டு குத்துல முடியும்"னாங்க அம்மா. "அங்கயும் அதேதான் பாட்டி"ன்னா இவ. அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

செய்யுள் பாகம் வந்தப்பதான் நான் உருப்படியா உதவினேன். ஒரு வரிக்கு பத்து அசை, ரெண்டு ரெண்டா அஞ்சு சீர், முதல் அசை லேசு, அடுத்தது அழுத்தம், இத கோடு போட்டுப் பிரிக்கணும். எனக்கு உடனே நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா ஞாபகம் வந்துருச்சு, சமையல் மேடைல கரண்டியால தட்டித் தட்டி சொல்லிக் குடுத்தேன். ஆனா ஒரு இடத்துல மாட்டிக்கிட்டோம். நமக்கு குறில் நெடில் ஒற்று பார்த்தா அசை பிரிஞ்சிரும், எழுத்துலயே தெரியும். இங்கிலீஷ்ல எழுத்துல ஒண்ணும் தெரியாது, வாய்ல எங்க அழுத்துறோம்ங்கிறதுதான். பதிவேடுன்னா ரெக்கர்ட், பதிவு பண்ணுன்னா ரிக்கார்ட், ஒரே எழுத்து. நாம எல்லாத்தையும் ஒரே கனத்துல உருட்டி விடுறோம், அதான் நாம பேசினா அவங்க ரெண்டாவது தடவ கேக்குறாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது. அடுப்புல வெச்சிருந்த பால் பொங்கி ஊத்திருச்சு, எடுத்து காப்பி போட்டு அவ புக்கு மேலயே கொட்டினதும் நான்தான்.

மாடில நின்னு ஜூலியட் பேசுற எடம் இருக்குல்ல, அவ ரோமியோவ எங்க இருக்கன்னு தேடுறதா நான் இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன். அதுல வர்ற 'வேர்ஃபோர்'ங்கிற பழைய வார்த்தைக்கு 'எங்க'ன்னு அர்த்தம் இல்லையாம், 'ஏன்'னு அர்த்தமாம். நீ ஏன் ரோமியோவா இருக்க, அந்த வீட்டுப் பேரு உனக்கு எதுக்குன்னு கேக்குறா. யூனிட் முடிவுல அத வெச்சே ரெண்டு பக்கம் எழுதச் சொன்னாங்க, உன் பேரப் பத்தியும் எழுதுன்னு. இந்த தடவ என்னைப் பக்கத்துல விடல, ரூம் கதவ சாத்திட்டா. மார்க் வந்தப்புறம்தான் படிக்கக் குடுத்தா. முதல் வரி, "இந்த நாட்டுல எனக்கு முதல் பேரு இல்ல". ஜூலியட் வீட்டுப் பேரத் தூக்கி எறியச் சொல்றா, எனக்கு எறியறதுக்கு வீட்டுப் பேரே இல்லன்னு கீழ ஒரு வரி, அதுக்கு மிஸ் பச்சைப் பேனாவுல வட்டம் போட்டிருந்தாங்க. நாலு எடத்துல கிராமர் தப்பு, 100-க்கு 91.

புத்தகம் ஸ்கூலோடது, திருப்பிக் குடுக்கணும். முன் அட்டைக்குள்ள ஒரு ஸ்டிக்கர், இதுக்கு முன்னாடி வெச்சிருந்த புள்ளைங்க பேரெல்லாம் வரிசையா இருக்கும், பக்கத்துல புக் எந்த நிலைமைல இருக்குன்னு ஒரு கட்டம். குடுக்குற அன்னைக்குத்தான் பார்த்தேன், மேல அஞ்சு பேரும் முன்பேரு, குடும்பப் பேருன்னு எழுதியிருக்க இவ ஆறாவதா திருச்சி நோட்டுல எழுதுற மாதிரி இனிஷியல், புள்ளி, பேருன்னு எழுதியிருந்தா. நிலைமைங்கிற கட்டத்துல மேல அஞ்சும் 'குட்', இவளுக்கு 'ஃபேர்'. காப்பிக் கறை.