லியோனில் ஒரு வீட்டு விருந்தாளியாக

ஓட்டலில் அறை போட்டுக்கொண்டு பிரான்ஸ் போவது ஒரு விதம். தெரிந்தவர் வீட்டில் தங்கப் போகிறேன் என்று சொல்லி விசா வாங்குவது இன்னொரு விதம். இரண்டாவதில் பாதி அலைச்சல் நம்மை அழைப்பவருக்குத்தான்.

நான் பெங்களூரு அல்சூர்க்காரி. வசந்தநகர் அலியான்ஸ் பிரான்சேயில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தபோது, பேசிப் பழக இணையம் வழியாகக் கிடைத்தவர் லியோனில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அரை மணி பிரெஞ்சு, அரை மணி ஆங்கிலம் என்று ஓடிய பேச்சு, "வீட்டுக்கே வாயேன்" என்பதில் வந்து நின்றது. அம்மாவுக்கு உடன்பாடே இல்லை. வீடியோ காலில் அந்த அம்மாளைப் பார்த்து, அவர் சமையலறையையும் பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார்.

இப்படித் தங்குவதற்கு 'அத்தஸ்தாசியோன் தக்கய்' என்ற வரவேற்புச் சான்று வேண்டும். அழைப்பவர் தன் ஊர் நகராட்சிக்கு நேரில் போய் வீட்டுப் பத்திரம், வருமானச் சான்று, அடையாள அட்டை எல்லாம் காட்டி, 30 யூரோ கட்டி வாங்க வேண்டும். நகராட்சி மறுத்துவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. மேயர் கையெழுத்துப் போட்ட மூலப் பிரதிதான் நமக்கு வேண்டும், நகல் செல்லாது. அதனால் தபாலில் வரும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், மூன்று நான்கு மாதம் முன்பே அவரிடம் பேச்சை எடுத்துவிடுவது நல்லது. ஒருவரை நகராட்சிக்கு அவசரப்படுத்தி அனுப்பிவிட்டு, அப்புறம் அவர் வீட்டிலேயே போய்த் தங்குவது சங்கடம்.

இந்தச் சான்றால் ஒரு லாபமும் உண்டு. ஓட்டல் பதிவோடு போனால் ஒரு நாளைக்கு 65 யூரோ வீதம் கையிருப்பு காட்ட வேண்டும். சான்று இருந்தால் 32.50 போதும். மற்றபடி வழக்கமான சமாச்சாரம்தான்: 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், அலுவலகத்தில் விடுப்புக் கடிதம், கைரேகை. விசா வந்த பிறகும் சான்றைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். பாரிஸ் விமான நிலையத்தில் எங்கே தங்குகிறாய் என்று கேட்ட அதிகாரி அதைத்தான் வாங்கிப் பார்த்தார்.

பரிசு வாங்குவதில் ஒரு சிக்கல். பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அம்மா உருக்கி வைத்த நெய் வீட்டிலேயே தங்கிவிட்டது. குடகுக் காப்பித்தூளும் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளும் என்னோடு வந்தன.

சாப்பாட்டைப் பற்றி முன்கூட்டியே எழுதிவிட்டேன்: மீன், கோழி சரி, மாடும் பன்றியும் வேண்டாம். லியோனோ பன்றி இறைச்சிக்குப் பேர்போன ஊர். எழுதாமல் போயிருந்தால் முதல் ராத்திரியே இருவருக்கும் தர்மசங்கடமாகியிருக்கும். அவர் பச்சைப் பயறு மாதிரி இருக்கும் பருப்பு ஒன்றை வேகவைத்து, பாலாடையில் சுட்ட உருளைக்கிழங்கோடு வைத்தார். ரொட்டிக்குத் தனித் தட்டு கிடையாது, மேசை விரிப்பு மேலேயே வைத்துக்கொள்ள வேண்டும். எச்சில், பத்து எல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கு அதுதான் பழக நாளானது. ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பேச்சு முடிய பத்தாகும். பாதியில் எழுந்து தட்டைக் கழுவப் போனால் அவருக்குப் பிடிக்கவில்லை. காய்கறி நறுக்குவதை மட்டும் விட்டுக்கொடுத்தார்.

பகலில் என்னை என் போக்கில் விட்டுவிடுவார். சாவி கொடுத்து, க்ருவா ரூஸ் மேட்டில் பட்டு நெய்தவர்கள் இருந்த வீடுகளையும், கட்டடத்துக்குள்ளேயே புகுந்து அடுத்த தெருவில் வெளியே வரும் 'திராபூல்' சந்துகளையும் காகிதத்தில் வரைந்து தந்தார். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்றும் அவர்தான் எச்சரித்தார். ஒரு நாள் நான் சமைத்தேன்: எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். காரத்தைப் பாதியாகக் குறைத்தும் அவருக்குக் கண்ணில் தண்ணீர்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் இங்கே வருகிறார். அவருக்கு இ-விசா போதும், சான்று எதுவும் வேண்டாம். ஆனால் வீட்டில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. அப்பா இப்போதே வீட்டுப் பத்திரத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்.