கொத்தொமிலி

மொரிசியஸில் தொடக்கப்பள்ளித் தமிழ் ஆசிரியருக்குச் சொந்த வகுப்பறை கிடைப்பது அரிது. மணி அடித்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இந்திக்கு ஒரு பக்கம், உருதுக்கு ஒரு பக்கம், தமிழுக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து போவார்கள். என்னிடம் வருவது ஏழெட்டுப் பேர். நூலக மூலை காலியாக இருந்தால் அங்கே உட்காருவோம். இல்லையென்றால் தாழ்வாரம்.

நான் வேலை பார்த்த முதல் பள்ளியில், ஜனவரியில் ஆண்டுத் திட்டம் தயாராகி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகுதான் எங்கள் கண்ணில் படும். ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்கு எடுக்கும் வகுப்பாசிரியர்கள் உட்கார்ந்து போடுவார்கள். மொழி ஆசிரியர்களை யாரும் கூப்பிட்டதில்லை. விளையாட்டு விழா ஒத்திகைக்கு நேரம் போதாவிட்டால் முதலில் போவது தமிழ்ப் பாடவேளை. எனக்கு அது பல வருஷம் வலித்தது. அதைவிட ஒன்று உறுத்தியது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்த எதுவும் அந்தத் திட்டத்துக்குள் போகவே இல்லை.

அடுத்த பள்ளியில் தலைமை ஆசிரியர் எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைத்தார். என் பக்கத்து நாற்காலியில் கிரியோல் ஆசிரியை. இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரியோல் என்பது பிரெஞ்சிலிருந்து பிறந்து, இந்தத் தீவில் பெரும்பாலோர் வீட்டில் பேசுகிற மொழி. 2012-இல் கிரியோல் விருப்பப் பாடமாக வந்தபோது, அது தமிழ், இந்தி முதலிய மொழிகள் இருந்த அதே வரிசையில்தான் வந்தது. ஒரு பிள்ளை கிரியோலை எடுத்தால் தமிழை விடும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பிள்ளைகளுக்காகப் போட்டி போடுகிறவர்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

நான்காம் வகுப்புக்கு ‘சந்தை’ என்று ஒரு வாரம் வைப்பதாகப் பேச்சு வந்தது. எதை நடத்துவது என்பது அமைச்சகமும் பாடநூலும் முடிவு செய்தது. அதை எந்த வரிசையில், எதோடு சேர்த்து நடத்துவது என்பது எங்கள் கையில் இருக்கிறது. கணக்கில் சில்லறை, அறிவியலில் இலை, தண்டு, வேர் என்று பட்டியல் நீண்டது. ரூபாய்த் தாளிலேயே தமிழ் எழுத்து இருக்கிறதே, கணக்குப் பாடத்தில் அதையும் வாசிக்க வைக்கலாம் என்றேன். கிரியோல் ஆசிரியை தன் நோட்டில் காய்கறிப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கொத்தொமிலி. கரிபுலே. முரும். பிபங்காய்.

“மிஸ், இது எல்லாமே தமிழ்” என்றேன்.

கொத்தமல்லி, கறிவேப்பிலை, முருங்கை, பீர்க்கங்காய். லா பூர்தோனே ஆளுநராக வந்த 1735-க்குப் பிறகு புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனார், தச்சர் வாயிலிருந்தோ, 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் வாயிலிருந்தோ இறங்கி இந்தத் தீவின் பேச்சில் கலந்த சொற்கள். அவருக்கு அவை கிரியோல், எனக்குத் தமிழ். அன்று மதியமே இரண்டு வகுப்பையும் ஒரு நாள் சேர்த்து நடத்துவதென்று எழுதிக்கொண்டோம்.

அந்த நாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கீரையும் தழையும் கொண்டுவந்தார்கள். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் கறிவேப்பிலைக் கொத்தை முகர்ந்துவிட்டு, “கரிபுலே, மிஸ். பாட்டி ராசோனில் போடுவாங்க” என்று கிரியோலில் சொன்னாள். ராசோன் என்றால் ரசம். பலகையில் ‘கறிவேப்பிலை’ என்று எழுதினேன். எழுந்து வந்து எழுத்துக்குக் கீழே விரலை வைத்துக் கூட்டிப் படித்தாள். ‘வே’யில் நின்றாள், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வீட்டில் தினம் சொல்கிற சொல்லுக்குத் தமிழில் எழுத்து இருக்கிறது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்று வருஷமாக அவளுக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தவள் நான்.

மறுநாள் ஒரு தந்தை கோபமாக வந்தார். “தமிழ் படிக்கத்தானே சேர்த்தேன், கிரியோல் எதற்கு? அது வீட்டிலேயே இருக்கிறதே” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வீட்டில் தமிழ் பேச ஆள் இல்லாமல் போன குடும்பங்களில், பள்ளியின் அந்த ஒரு பாடவேளைதான் மிச்சம். அதிலும் கை வைக்கிறார்களோ என்ற பயம். நாங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் கூடிப் பேசினோமே தவிர, பெற்றோர் ஒருவரைக்கூட அந்த மேசைக்கு அழைக்கவில்லை. அது எங்கள் தவறு. அவரிடம் அப்படியே சொல்லி, அடுத்த கூட்டத்துக்கு வரச் சொன்னேன்.

வந்தார். அந்தப் பெண்ணின் பாட்டியும் வந்தார். இடையில் புயல் எச்சரிக்கை இரண்டாம் நிலைக்குப் போய்ப் பள்ளி மூடியதால் எங்கள் தேதிகள் எல்லாம் கலைந்திருந்தன. திரும்ப வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது, பாட்டி பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். கோயிலில் பாடுகிற பாட்டுகள். தமிழ்ப் பாட்டுதான், எழுதியிருந்தது பிரெஞ்சு எழுத்தில். அவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. காவடிக் காலத்தில் அதைப் பார்த்துத்தான் பாடுவாராம்.

கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கிரியோல் ஆசிரியைதான் சொன்னார், “இதைப் பிள்ளைகள் தமிழ் எழுத்துக்கு மாற்றட்டும். ஒலியை எப்படி எழுதியிருக்கிறார் என்று என் வகுப்பு பார்க்கட்டும்.” கோபித்துக்கொண்ட தந்தை, தன் அம்மா வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது, தேடிக் கொண்டுவருகிறேன் என்றார்.

மூன்றாம் பருவம் முழுக்க அதுதான் எங்கள் வேலையாக இருந்தது. வாரத்துக்கு நாலு வரி. ‘ள’வா ‘ல’வா என்று பிரெஞ்சு எழுத்தைப் பார்த்துத் தெரியாதபோது, பிள்ளைகள் சாயங்காலம் பாட்டியிடம் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவார்கள். பாட்டிக்கும் சந்தேகம் என்றால் என்னிடம் வரும். நான் அகராதியைப் பார்ப்பேன்.

அந்த நோட்டின் ஜெராக்ஸ் இந்த ஜனவரித் திட்டக் கோப்பில் முதல் பக்கமாக இருக்கிறது. அதற்கு எதிர்ப் பக்கத்தில், பென்சிலில், கொஞ்சம் கோணலாக, அதே பாட்டு தமிழில்.